ஆத்தாளுக்கு ஆகாத கத்தரிக்காய்

எங்கள் வீட்டுக் கத்தரிக்காய் ஆத்தாளுக்கு ஆகாது என்று கூடையோடு திருப்பி அனுப்பிய பெரியப்பா செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தும் ஆடி பிறந்து எங்காவது ஒலிபெருக்கி அலற ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது பக்தி இல்லை, கோபம்தான். செத்தவர் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் கூடை ஊர் பார்க்கத் திரும்பி வந்திருக்காது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்பா பட்டாளத்து லாரி ஓட்ட வடக்கே எங்கோ போயிருந்தார். பாரிவாக்கத்தில் ஒரே கிணற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தோட்டங்கள், கிழக்கே பெரியப்பாவுடையது, மேற்கே எங்களுடையது, நடுவில் கிளுவை வேலி. ஏற்றம் இறைக்கிற ஆள் இரண்டு தோட்டத்துக்கும் பொது. பாகம் பிரித்தபோது நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்த பெரியப்பா, மாடுகளை மட்டும் மொத்தமாகத் தன் தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆம்பளை இல்லாத வீட்டில் மாட்டை யார் பார்ப்பது என்பது அவருடைய நியாயம். அவர் வீட்டு மாட்டை மட்டும் அவரா பார்த்தார்? விடிகிற நேரத்தில் எழுந்து சாணி அள்ளியது பெரியம்மா. தண்ணீர் காட்டியது பெரியம்மா. கத்தரிச் செடிக்குக் கொத்திவிட்டு எருப் போட்டதும் பெரியம்மா. பெரியப்பா மீசையைப் பார்த்துக்கொண்டார், கோயிலைப் பார்த்துக்கொண்டார். ஊர் அம்மன் கோயிலுக்கு அவர்தான் தருமகர்த்தா.

இதையெல்லாம் அம்மா அவரிடம் கேட்க முடியாது. புருஷனின் அண்ணன் எதிரில் நின்று பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், அவர் காதில் விழும்படி என்னிடம் சொல்லுவாள். "உங்க பெரிப்பாவ கேளுடி, நாளைக்கு தண்ணி முறை நம்புளுதா இல்லியான்னு" என்பாள். அவரும் என்னைப் பார்த்தே, "உங்கம்மாவ ஏத்தத்துக்கு வேற ஆள் வெச்சிக்க சொல்லு" என்பார். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கம்பத்தைப் போல நின்றால் போதும்.

இந்தக் கலவரத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது என் தாய்மாமன். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியதிலிருந்து லாரி லாரியாகக் காய்கறி வேண்டும் என்றார்கள். காய் போடுங்கள், நிறையப் போடுங்கள் என்று ஊர் ஊராகத் தம்பட்டம் அடித்தார்கள். ஒருநாள் விவசாய இலாகாக்காரர் ஒருவர் பூந்தமல்லிச் சந்தையில் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டி, இதைப் போட்டால் செடி பச்சைப்பசேலென்று வரும் என்று பேசினார். பார்த்தால் சீனியைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. சீமையிலிருந்து வந்த உப்பு எரு. மாமா அந்தப் பேச்சில் பாதியைத்தான் கேட்டார். பச்சைப்பசேல் என்ற இடத்திலேயே அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூட்டையை வாங்கி சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெண்கள் பக்கமாக நின்றிருந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு வந்தாள். வெறும் உப்பைப் போடாதே, மக்கின சாணி எருவோடு கலந்து, வேரில் படாமல் தள்ளிப் போட்டு, தண்ணீர் கட்டு என்பதெல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருந்தது.

அம்மா ஓடிப் போய்ச் சொன்னாள். மாமா கேட்கிற ஜாதியா? "சாணி வேல சாணி பாக்கும், உப்பு வேல உப்பு பாக்கும், நீ போக்கா" என்று, தன் மிளகாய்ச் செடி ஒவ்வொன்றின் அடியிலும் கை நிறைய அள்ளிக் கொட்டினார். கொஞ்ச நாளில் செடியெல்லாம் கொதிக்கிற கஞ்சியை ஊற்றியதைப் போலச் சுருண்டு கருகிப் போயின. மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதார். மிச்ச மூட்டையை எங்கள் வீட்டு மூலையில் தள்ளிவிட்டு, அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போய்விட்டார்.

ஊருக்குப் பேச விஷயம் கிடைத்தது. அது உப்பே இல்லையாம். சண்டையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் எலும்பைக் கப்பலில் கொண்டுவந்து அரைத்ததாம். அதனால்தான் பட்ட இடமெல்லாம் சுடுகாடாகிறதாம். யார் கண்டது, யார் அரைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா கோயில் வாசலில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்: "பொணத்து எலும்பு போட்ட காய் எதுவும் ஆத்தா பானைக்குள்ள வரக்கூடாது. என் மாட்டு சாணி ஒரு கை கூட அத்தோட கலக்கக் கூடாது. என் ஊட்லயே எவளாவது அத்த தொட்டான்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வண்டி கட்டி அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிடுவேன். திரும்பி வரவே வேணாம்." அவர் வீட்டில் எவள் என்றால் பெரியம்மா ஒருத்திதான். பிள்ளை இல்லாதவள், இந்த மிரட்டலுக்கு அவள் எப்போதுமே நடுங்குவாள். அன்றும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள்.

அம்மா மட்டும் மூலையில் கிடந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்களிடம் உப்பு இருந்தது, சாணி இல்லை. பெரியப்பா வீட்டில் சாணி இருந்தது, ஆனால் அந்த வருஷம் அது போதவில்லை. பட்டாளத்துச் சமையலுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று பெரியப்பா இருந்த சாணியையெல்லாம் வறட்டி தட்டி விற்றுக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்துக் கத்தரி மஞ்சளடித்துக் கிடந்தது. சாணி போதாத செடிக்கு எவ்வளவு தண்ணீர் விட்டால்தான் என்ன?

ஒரு விடியலில் அம்மா என்னை வேலியோரம் கூட்டிப்போனாள். கிளுவைச் சந்தின் வழியாகப் பெரியம்மா ஒரு கூடைச் சாணி எருவை இந்தப் பக்கம் தள்ளினாள். அம்மா என் காதைப் பிடித்து, "இத்த யார்கிட்டயாவது சொன்ன, பெரிம்மா கதி அவ்ளோதான், தெரிதா?" என்றாள். எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து நாள் தவறாமல் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வேலியில் எருக் கூடையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதே கூடையில் அம்மா ஏதோ செய்து, மேலே அடுப்புச் சாம்பலைக் கொட்டித் தருவாள். அதைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் கொடுக்க வேண்டும். கத்தரி இலையில் பூச்சிக்குத் தூவச் சாம்பல் கேட்டாளாம். வெறுங்கூடையைத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மாவும் சொன்னாள்.

எனக்கு அதில் ஏக எரிச்சல். வருகிற கூடையும் கனம், போகிற கூடையும் கனம். கழுத்து உள்ளே இறங்கிவிடும் போல இருக்கும். அவர்கள் வீட்டில் அடுப்பே எரிவதில்லையா, எங்கள் சாம்பல்தான் வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன். பெரியம்மா சந்தில் கையை நீட்டிக் கூடையை வாங்கும்போது, "எங் கண்ணு" என்று என் கன்னத்தைத் தொடுவாள். அவள் விரலில் எரு வாசனை அடிக்கும்.

எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு குழியில் அம்மா சாணி எருவையும் செம்மண்ணையும் உப்பையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் தெளித்து மூடி வைத்தாள். ஆறின பிறகு செடிக்கு ஒரு சிரங்கை, உள்ளங்கைக் குழி கொள்கிற அளவு, அதுவும் தண்டிலிருந்து எட்டவே தள்ளி. மாமா ஒரு நாளில் கொட்டியதை அம்மா பல வாரமாகக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். செடி கருகவில்லை. இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. காய் கருநீலத்தில், முகம் பார்க்கிற பளபளப்பில், காம்பு முள் குத்தக் குத்தப் பறிக்க வேண்டியிருந்தது. ஆவடி காண்டிராக்டரின் ஆள் எங்கள் காயைத்தான் முதலில் தராசில் வைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பெரியப்பாவின் ஓரத்துச் செடிகள் அதே நோஞ்சான்களாக நின்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கூடை காய் கோயிலுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி, முருங்கைக்கீரையும் கருவாடும் சேர்த்துக் குழம்பு வைத்து, கூழோடு ஊருக்கே ஊற்றுவார்கள். எந்த வீட்டுக் காய் அண்டாவில் விழுகிறதோ அந்த வீடுதான் ஊரில் ஒரு தலைக்கட்டு. விழவில்லையென்றால் அந்த வீடு கணக்கில் இல்லை. நாளைக்குத் தண்ணீர் முறை என்று கிணற்றடியில் போய் நின்றால், நீ யார் என்று கேட்பார்கள். அப்பா ஊரில் இல்லாத வருஷம் என்பதால் அம்மாவுக்கு அந்தக் கூடை உயிராக இருந்தது. ஒரு சொத்தைக் காய் இல்லாமல் பொறுக்கி, மஞ்சள் துணி போட்டு மூடி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு தூக்கிக்கொண்டு போனாள்.

பெரியப்பா அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "உங்கம்மாவ எடுத்துகினு போவச் சொல்லு. பொணத்து எலும்புல வெளஞ்சது ஆத்தாளுக்கு ஆகாது."

காண்டிராக்டரின் ஆளிடம் எங்கள் காயைப் பார்த்துப் பொருமியவர்கள், எங்கள் வீட்டில் குழம்புக்குக் கைமாற்றாகக் காய் வாங்கித் தின்றவர்கள், அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தருக்கு வாய் வரவில்லை. அம்மா என்னிடம், "உங்க பெரிப்பாகிட்ட சொல்லு, ஊட்டு ஆம்பள ஊர்ல இல்ல, இந்த ஒரு வருசம்..." என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். வீட்டுக்குப் போகவில்லை. போனால் போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்ததாகப் பெரியம்மா தன் வீட்டுக் கூடையோடு வந்தாள். துணியை எடுத்தார்கள். உள்ளே கருநீலக் காய்கள், அதே பளபளப்பு, அதே கனம். கூட்டத்தில் ஆ என்றார்கள். பெரியப்பா ஒரு காயை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். "பாருங்கயா. உப்பு இல்ல, சப்பு இல்ல. ஆத்தா கிருபையும் என் மாட்டு சாணியும்தான். வேற இன்னா வேணும்?" அந்தச் சாணியை வறட்டி தட்டி விற்றவர் பேசிய பேச்சு அது!

எனக்கு அந்தக் காயைத் தெரியும். வேலியோரத்து நோஞ்சான் செடியில் அது எப்படிக் காய்க்கும்? கிளுவைச் சந்தில் சாணியை நீட்டிய கைதான் எங்கள் செடியிலும் புகுந்திருக்கிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். கூட்டத்தின் நடுவில் போய் நின்று கத்தினேன். "அது எங்க காய்! எங்க தோட்டத்துல திருடினது! அதுவும் உப்பு போட்ட காய்தான்! ஆத்தாளுக்கு ஆகாதுன்னா அத்தயும் எடுத்து வெளிய போடுங்க!"

பெரியம்மாவின் கையிலிருந்து கூடை நழுவிக் காய்கள் உருண்டன. பெரியப்பா மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "இன்னாடி சொல்லுது கொயந்தெ?" என்றார். பெரியம்மா குனிந்து உருண்ட காய்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா. அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்த கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கி, ஊருக்கே கேட்கும்படி என்னிடம் சொன்னாள். "அது நம்ப காய் இல்லடி. ஆத்தா மேல ஆணையா சொல்றேன், நம்ப தோட்டத்து காய் அதுல ஒண்ணு கூட இல்ல. எல்லாம் பெரிம்மா தோட்டத்துல வெளஞ்சது. வாய மூடு."

அப்படியே, ஆத்தாளுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின் மேல் கையை வைத்து அணைத்தாள். பெரியப்பா ஒரு கணம் பார்த்துவிட்டு, "உட்டுத் தள்ளு, சின்ன புள்ள" என்று காய்களை அண்டாவில் கொட்டச் சொன்னார். ஆத்தா மேல் சத்தியம் செய்தபின் யார் என்ன பேச முடியும்? அந்தச் சத்தியத்தைப் பார்த்து ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு மனது இளகி, எங்கள் வீட்டுக்காக அம்மாவிடம் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்துப் போடச் சொன்னார். இரவல் கீரையால் நாங்கள் தலைக்கட்டாக மிஞ்சினோம். எங்கள் கத்தரிக்காய் கூடையிலேயே கிடந்து வாடியது.

பெரியம்மாதான் எல்லோருக்கும் குழம்பு ஊற்றினாள். என் முறை வந்தபோது குனிந்த தலை நிமிராமல் ஊற்றினாள். திருடினவள் எப்படி நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அள்ளி அள்ளிக் கத்தரிக்காயாகப் பார்த்து என் சட்டியில் போட்டாள். நான் அவள் கண்ணெதிரிலேயே அதை வேப்ப மரத்தடியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். பெரியப்பா இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ருசியைப் பற்றி வேறு பேசினார்.

அறையைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. ஆத்தா மேல் பொய்ச் சத்தியம் செய்தால் கண் போய்விடும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஒரு திருடியைக் காப்பாற்ற அம்மா கண்ணை அடகு வைத்துவிட்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. காலையில் எழுந்ததும் அம்மா முகத்துக்கு நேராக விரல்களை நீட்டி, "எத்தினி?" என்று கேட்பேன். வேலை நடுவிலும் கேட்பேன். முதலில் புரியாமல் விழித்தவள், ஒருநாள் வேலியோரத்தில் வைத்துக் கேட்டபோது புரிந்துகொண்டாள். "மூணுடி, மூணு" என்று சொல்லி, கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மா. இரண்டு பேரும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். என்னை அடிக்க வைத்தவளோடு சேர்ந்துகொண்டு அம்மா சிரிக்கிறாள் என்று அன்று பூராவும் நான் சாப்பிடவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி நெமிலிச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டேன். அங்கேயும் கத்தரித் தோட்டம். ஒரு காலையில் மாமியார், பூச்சி விழுந்திருக்கிறது, தூவ வேண்டும் என்று ஒரு கூடை சாம்பலை எடுத்துப்போகச் சொன்னார். பழக்க தோஷம், பல்லைக் கடித்து, கழுத்தை இறுக்கி, மூச்சைப் பிடித்துக் கூடையைத் தூக்கினேன். கூடை தலைக்கு மேலே எகிறி, சாம்பலெல்லாம் என் முகத்தில் கொட்டியது. கூடை நிறையச் சாம்பல். கனமே இல்லை.

மாமியார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றேன். அம்மா தந்த கூடையில் சாம்பல் மேலாக்குத்தான். நடுவில் ஒரு வாழை இலை இருந்திருக்க வேண்டும். அடியில் எங்கள் குழியில் ஆறிய எருவும் உப்பும். கனத்தது அதுதான். என் கழுத்தில் ஏறி வேலியைத் தாண்டிப் போனதும் அதுதான். எவர் கண்ணிலும் படாத உள்பக்கத்துச் செடிகளுக்கெல்லாம் பெரியம்மா அதைப் போட்டாள், வேலியோரத்துச் செடிகளை வேண்டுமென்றே நோஞ்சானாக விட்டுவைத்தாள். அவளுடைய சாணி இல்லாமல் எங்கள் உப்பு எரித்திருக்கும், எங்கள் உப்பு இல்லாமல் அவள் செடி செத்திருக்கும்.

பெரியப்பா சாகும்வரை, உப்பு படாத சாணிக் கத்தரிக்காயின் பெருமையை ஆடிக்கு ஆடி பேசிக்கொண்டிருந்தார். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். நன்றாக விளைய வைத்ததற்காகப் பயந்து நடுங்கியவள் ஒருத்தி. அதற்காகக் கூடையோடு ஓரமாக நின்றவள் ஒருத்தி. பெருமையெல்லாம் மீசைக்குப் போனது. வண்டி கட்டி விரட்டப்பட இருந்தவளைப் பார்த்து, வேலிச் சந்துச் சாணியைப் பற்றியும் ஒரே ஒரு வார்த்தை நான் கத்தியிருந்தால், அன்றைக்கே அவள் கதி முடிந்திருக்கும்.

அம்மாவின் கண் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. ஊசியில் நூல் கோக்க என்னிடம் வந்ததே இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவளை ஆத்தா ஏன் விட்டுவிட்டாள் என்று, அந்தச் சாம்பல் என் முகத்தில் கொட்டும்வரை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடையில் எங்கள் தோட்டத்துக் காய் ஒன்றுகூட இல்லை.